காப்பி மேக்கரில் ஈஎஸ்பி32: ரிலேயா, ஆப்டோகப்ளரா?

கேள்வி:
வணக்கம். எங்கள் காப்பி மேக்கரை ஈஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகண்ட்ரோலர் மூலம் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருளுடன் இணைக்க விரும்புகிறேன். ஹீட்டருக்குச் செல்லும் ஒயரில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைப்பதா, போர்டிலுள்ள பொத்தானுக்கு இணையாக இணைப்பதா என்று குழப்பமாக உள்ளது. போர்டிலேயே 5 வோல்ட் கிடைக்கிறது; ஈஎஸ்பி32-க்கும் அதையே கொடுக்கலாமா?

பதில் 1:
அந்த 5 வோல்ட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். இத்தகைய போர்டுகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் இருப்பதில்லை. செவ்வக வடிவிலுள்ள பெரிய மின்தேக்கி ஒன்றே வீட்டு மின்சாரத்தைக் குறைத்துத் தருகிறது. அப்படியானால் அதன் கிரவுண்டிலேயே முழு மின்னழுத்தமும் இருக்கக்கூடும் என்பதால், யூஎஸ்பி கேபிளைச் செருகிய நொடியில் அது உங்கள் மடிக்கணினி வரை வந்துவிடும். மேலும், வைஃபை இயங்க ஈஎஸ்பி32-க்கு 500 மில்லியாம்பியர் தரக்கூடிய மின்வழங்கி வேண்டும். அந்தச் சிறிய சுற்றால் அதைத் தர முடியாது. தனி அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டரை இயந்திரத்தின் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் வைக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், உங்கள் நிரலால் அதை அணைக்க இயலாது. பொத்தானுக்கு இணையாக பிசி817 ஆப்டோகப்ளரை (ஒளி வழியாகச் சைகையைக் கடத்தி, இரு சுற்றுகளையும் நேரடி மின்தொடர்பின்றிப் பிரித்து வைக்கும் சிறு பாகம்) இணைத்து, அதன் எல்இடிக்கு 330 ஓம் மின்தடை கொடுத்து, 200 மில்லிநொடி மட்டும் இயக்கினால், விரலால் அழுத்துவதற்கு ஒப்பாகும். அதிகம் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் இருக்குமிடத்தில் கை வைக்கவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திறந்து பார்த்தேன், நீங்கள் கூறியபடியே மஞ்சள் நிற மின்தேக்கி இருக்கிறது. தனி அடாப்டருடன் ஆப்டோகப்ளர்களை இணைத்துவிட்டேன். ஆனால் மூன்று பொத்தான்களில் ஒன்று மட்டுமே வேலை செய்கிறது.

பதில் 2:
ஆப்டோகப்ளரின் டிரான்சிஸ்டர் ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். பிளக்கைக் கழற்றி, சிறிது நேரம் கழித்து, இயங்காத இரண்டிலும் பொத்தான் பக்கத்து ஒயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். பொத்தான்கள் மேட்ரிக்ஸ் முறையில் (பல பொத்தான்கள் ஒயர்களைப் பகிர்ந்துகொள்ளும்படி) இணைக்கப்பட்டு, அப்போதும் இயங்காவிட்டால், இரு திசையிலும் கடத்தும் போட்டோமாஸ் ரிலே பொருந்தும்.

இன்னொன்றும் அவசியம். ஒரே பொத்தான் ஆன், ஆஃப் இரண்டையும் செய்தால், இயந்திரம் எந்நிலையில் உள்ளது என்று ஈஎஸ்பி32-க்குத் தெரியாது. ஏற்கெனவே யாரோ கையால் ஆன் செய்திருந்தால், உங்கள் கட்டளை அதை அணைத்துவிடும். ஆகவே முகப்பு விளக்கின் நிலையை மற்றோர் ஆப்டோகப்ளர் வழியாகப் படித்து, அதன் பிறகே பொத்தானை அழுத்தச் செய்யுங்கள். ஈஎஸ்பி32-இன் ஜிபிஐஓ (உள்ளீடு-வெளியீடு) பின்களில் 0, 2, 12, 15 ஆகியவை பூட் ஆகும் (தொடங்கும்) நேரத்தில் பயன்படுபவை என்பதால் அவற்றைத் தவிருங்கள். 25, 26 போன்ற பின்களைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒயர்களை மாற்றியதும் மூன்றும் இயங்குகின்றன. தொட்டியில் நீர் இருப்பதை உறுதிசெய்யும் சென்சார் இல்லாததால், தானியங்கி நேர அட்டவணையை இப்போதைக்குச் சேர்க்கவில்லை.