வீடு விற்க நோட்டீஸ் கொடுத்தோம், புரோக்கர்கள் மட்டுமே கூப்பிடுகிறார்கள். எங்கே கோளாறு?

டானிங்டன்வாசி:
வணக்கம். கோத்தகிரியில் எங்கள் வீட்டைப் புரோக்கர் இல்லாமல் நேராக விற்கப் பார்க்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கோவைக்கே போய்விடலாம் என்று முடிவு. ஆயிரம் நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடும் தம்பியிடம் கொடுத்து நாளிதழுக்குள் வைக்கச் சொன்னோம். வருகிற அழைப்பெல்லாம் புரோக்கர்களிடமிருந்துதான். நேரில் பார்க்க வந்த ஓரிருவரும் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். நோட்டீஸில் இருப்பது இவ்வளவுதான்:

“விற்பனைக்கு! விற்பனைக்கு!! விற்பனைக்கு!!! இயற்கை எழில் கொஞ்சும் கோத்தகிரியில் அழகிய வீடு. சில்லென்ற காற்று, பசுமையான தேயிலைத் தோட்டக் காட்சி. தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து வசதி உண்டு. விலை நேரில். புரோக்கர்கள் தவிர்க்கவும்.”

கீழே போன் நம்பர். நடுவில் வீட்டின் படம், பனிமூட்டத்தில் எடுத்தது. அடுத்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒட்டலாமா, பிளெக்ஸ் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் வாசகத்தில் என்ன குறை என்று சொல்லுங்கள்.

பழைய டி.டி.பி.:
சார், கோத்தகிரிக்காரரிடமே கோத்தகிரியின் இயற்கை எழிலைச் சொல்லி விற்கப் பார்க்கிறீர்கள். அந்தச் சில்லென்ற காற்றில் துணி காயாமல் தவிப்பவர் அவர். உள்ளூர் பேப்பருக்குள் வைக்கிற நோட்டீஸை உள்ளூர்க்காரர்தானே படிப்பார்? அவருக்குக் காட்சி வேண்டாம், வெயில் விழும் வீடு வேண்டும். உங்கள் வீட்டில் வெயில் விழுமா? விழுந்தால் அதுதான் முதல் வரி.

‘விற்பனைக்கு’ மூன்று முறை இருக்கிற இடத்தில் ஊர்ப்பகுதி, அளவு, விலை மூன்றையும் போட்டிருக்கலாம். ‘விலை நேரில்’ என்று பார்த்ததும், கையில் பணம் வைத்திருப்பவர் ‘நமக்கு எட்டாது போல’ என்று நோட்டீஸை மடித்து வைத்துவிடுவார். விலை விசாரிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்தான் கூப்பிடுவார். ‘புரோக்கர்கள் தவிர்க்கவும்’ என்ற வரியை எந்தப் புரோக்கரும் மதித்து நான் பார்த்ததில்லை. எடுத்துவிடுங்கள், ஒரு வரி மிச்சம்.

பனிமூட்டப் படம் காலண்டருக்கு நன்றாக இருக்கும். நோட்டீஸில் சாம்பல் திட்டாகத்தான் விழும். மழைவிட்ட மறுநாள் காலை வெயிலில் வீட்டின் முகப்பு தெரிய எடுங்கள்.

இன்னொன்று. போனில் தட்டிய தமிழை அப்படியே கடையில் கொடுத்தால், பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருக்கும் கடைகளில் யூனிகோடு எழுத்து உடையும். ‘கொ’ என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியோ புதிதாகத் தட்டியோ தருவார்கள், அப்போது பிழை புகும். ஒரு பிரதி எடுத்து, போன் நம்பரை ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்த்த பிறகே மீதியை அடிக்கச் சொல்லுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தால் ஈரத்தில் மை கரையும். லேசர் அல்லது ஆப்செட்தான் நம் ஊருக்கு நிற்கும்.

திருப்பூர் பனியன்:
நான் வாங்குகிற பக்கம். ஓய்வுக்காலத்துக்கு மலையில் ஒரு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். ‘போக்குவரத்து வசதி உண்டு’ என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. வாசல் வரை கார் போகுமா, போகாதா? தண்ணீர் குழாயா, கிணறா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும்? 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவை மறக்காதவர்கள் தடுப்புச் சுவரையும் கேட்பார்கள். உங்களிடம் வந்தவர்கள் ஏன் பாதியில் திரும்பினார்கள் என்று தெரியுமா?

டானிங்டன்வாசி:
தெரியும். வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. 38 படி இறங்க வேண்டும். மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டு ‘அப்புறம் சொல்கிறோம்’ என்று போய்விட்டார்கள். ஆனால் இதை நோட்டீஸில் போட்டால் ஒருவர்கூடக் கூப்பிட மாட்டாரே?

திருப்பூர் பனியன்:
போடாததால் மட்டும் யார் வாங்கிவிட்டார்கள்? எனக்கு முழங்கால் நன்றாகவே இருக்கிறது. படி ஒரு தடையில்லை. ஆனால் சொல்லாமல் வரவழைத்து, வந்த பிறகு படியைக் காட்டினால், வேறு எதை மறைத்தார்களோ என்றுதான் மனம் போகும். அப்புறம் பட்டாவைக் காட்டினாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

கொடை அக்கா:
தம்பி, அவர் சொல்வது சரி. கொடைக்கானலில் எங்கள் மாமனார் வீட்டை விற்றபோது ‘தகரக் கூரை, இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும்’ என்று நோட்டீஸிலேயே போட்டோம். வீட்டுக்காரர் முணுமுணுத்தார். வாங்கியவர் அந்த வரியைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன் என்றார். குறையை ஒரே வரியில், சமாதானம் சொல்லாமல் எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அதை ஈடுகட்டும் விஷயம் இருந்தால் அதையும் போடுங்கள். கார் எங்கே நிறுத்துகிறீர்கள்?

டானிங்டன்வாசி:
மேலே சாலையோரம் ஒரு கார் நிற்கிற அளவு எங்கள் சொந்த இடமே இருக்கிறது அக்கா. 6 சென்ட்டில் அதுவும் அடக்கம். படிக்குக் கைப்பிடிக் கம்பியும் இருக்கிறது. கிழக்குச் சரிவு, காலை வெயில் நேராக விழும்.

பழைய டி.டி.பி.:
சாலையோரம் சொந்தப் பார்க்கிங்கா! கோத்தகிரியில் அதற்காகவே வீடு வாங்குகிறவர் உண்டு. அதை விட்டுவிட்டு ‘மின்சார வசதி உண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே சார்.

பத்திரம் எழுதியவர்:
ஆவண விஷயம் மட்டும் சொல்கிறேன். ‘100 சதவீதம் கிளியர்’ என்று எழுதாதீர்கள். எல்லா நோட்டீஸிலும் அதுதான் இருக்கிறது. பட்டா யார் பெயரில், மூலப் பத்திரம் கையில் உள்ளதா, வில்லங்கச் சான்று எந்தத் தேதி வரை, கட்டடத்துக்கு வரைபட அனுமதி உண்டா என்று நான்கு சொல் போதும். சர்வே எண்ணை நோட்டீஸில் அச்சடிக்க வேண்டாம், கேட்பவருக்கு நேரில் காட்டுங்கள். ‘மேல்மாடி கட்டலாம்’, ‘காட்டேஜ் நடத்தலாம்’ என்றும் ஆசை காட்டாதீர்கள். 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, சமவெளியில் கிடைக்கிற அனுமதி இங்கே கிடைக்காது. கூடலூர்ப் பக்கம் 1969 ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ம் பிரிவு நிலம் என்ற, உரிமை தீராத தலைவலி இருப்பதால், வெளியூர்க்காரர் நீலகிரி என்றாலே முதலில் பட்டாவைத்தான் கேட்பார். உங்களுடையது பட்டா நிலம் என்றால் அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

விலையில் பேரத்துக்காக ரொம்ப ஏற்றி வைக்காதீர்கள். வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். 58 லட்சம் என்றால் அதற்கு மேல் 5 லட்சத்து 22 ஆயிரம்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்ட வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. பிளெக்ஸும் வேண்டாம், நீலகிரியில் பிளாஸ்டிக் கெடுபிடி தெரியும்தானே. உங்கள் சொந்தக் கேட்டில் ஒரு மரப்பலகை வைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

கொடை அக்கா:
ஆயிரம் வீட்டுக்குக் கொடுப்பதைவிட, முதலில் அக்கம்பக்கத்தாரிடம் கொடுங்கள் தம்பி. அவர்களுடைய சொந்தக்காரருக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று இருக்கும். அப்புறம் ஹார்டுவேர் கடை, மருந்துக் கடை, பேக்கரி, கேட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் பத்துப் பத்தாக வையுங்கள். வெளியூர்க்காரருக்கு அதே நோட்டீஸின் படம் வாட்ஸ்அப்பில் போதும். அம்மா பகலில் தனியாக இருப்பார் என்றால் வீட்டு எண்ணையோ கூகுள் மேப் கியூஆரையோ போட வேண்டாம், பகுதிப் பெயர் போதும். சமவெளியிலிருந்து வண்டியில் பார்க்க வருபவருக்கு, மலையேற வேண்டிய இ-பாஸ் எடுத்துவிட்டு வரச் சொல்லி போனிலேயே நினைவூட்டுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கும் அது இருக்கிறது, இருந்தும் செக்போஸ்டில் வந்து நின்றுகொண்டு கூப்பிடுகிறார்கள்.

டானிங்டன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்:

“கோத்தகிரி, டானிங்டன் அருகே. காலை வெயில் விழும் வீடு, 58 லட்சம்.
பட்டா நிலம் 6 சென்ட். 2 படுக்கையறை, ஓட்டுக் கூரை.
சாலையிலிருந்து 38 படி இறங்க வேண்டும், கைப்பிடி உண்டு. மேலே ஒரு காருக்குச் சொந்த இடம்.
குழாய்த் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறை, 5,000 லிட்டர் தொட்டி.
கல் தடுப்புச் சுவர். மூலப் பத்திரம், வரைபட அனுமதி, இந்த மாதம் வரை வில்லங்கச் சான்று கையில்.
நேரடி விற்பனை. மாலை 5 முதல் 8 வரை அழைக்கவும்.”

பழைய டி.டி.பி.:
இது நோட்டீஸ். ஏ5 தாளில் ஒரே பக்கம், எழுத்து 12 புள்ளிக்குக் குறையாமல், முதல் வரியும் போன் நம்பரும் அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக. வீட்டுப் படம் ஒன்று, கார் நிற்கும் இடத்தின் படம் ஒன்று, அவ்வளவுதான். பார்டரில் பூ வேண்டாம், கடைக்காரர் கேட்காமலே போடுவார்.

திருப்பூர் பனியன்:
58 லட்சத்துக்குப் பக்கத்தில் ‘பேசலாம்’ என்று போடாதீர்கள். போடாமலே நான் பேசத்தான் போகிறேன். தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள், ஞாயிறு வருகிறேன்.