மறுமொழி: பாறுகள் எங்கே போயின? பெரியப்பாவின் மடலுக்கு

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

புலிகள் காப்பகம் வந்து, பட்டி மாட்டைக் காட்டில் மேயவிடாமல் தடுத்ததால்தான் மாடு குறைந்தது, மாடு குறைந்ததால்தான் செத்த மாட்டைத் தின்னும் பாறும் (பிணந்தின்னிக் கழுகும்) போனது என்று பெரியப்பா எழுதியிருந்தார். மாடு குறைந்த வருத்தம் எனக்கும் உண்டு. நீலகிரியில் நம் மசினகுடி, மாயார் பக்கம் எத்தனை பட்டி இருந்தது, சாணி லாரி ஏறிக் கேரளம் வரை எப்படிப் போனது என்பதெல்லாம் இங்கே மஸ்கட்டில் என் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. ஆனால் பாறு விஷயத்தில் பெரியப்பா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முதுமலை புலிகள் காப்பகம் ஆனது 2007-இல். பாறுகள் தொண்ணூறுகளிலேயே நாடு முழுக்கச் சரிந்துவிட்டன. பட்டி நிறைய மாடு இருந்தபோதே அவை போய்விட்டன பெரியப்பா.

கொன்றது ஊசிதான். காய்ச்சல், கால் வீக்கம் என்றால் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. ஊசி போட்டும் பிழைக்காத மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஈரலிலும் இதயத்திலும் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்து, சில நாளில் உயிர் போய்விடும். பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்து, 2004-இல்தான் இதை உலகுக்குச் சொன்னார்கள்.

"எப்போதாவது ஒரு மாட்டுக்குத்தானே ஊசி போட்டோம்" என்று சித்தப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் செத்த மாடு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக மருந்தோடு கிடந்தாலே அவ்வளவு அழிவுக்கும் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே மாட்டில் கூட்டமே இறங்கித் தின்னும். இடுவதோ ஆண்டுக்கு ஒரே முட்டை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது. நம் அப்பாமார் மாட்டைக் காப்பாற்றத்தான் ஊசி போட்டார்கள். அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நம் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. சீகூர் ஆற்றோர நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது, பாறைச் சரிவுகளில் கருங்கழுத்துப் பாறு. தமிழகமும் கேரளமும் கர்நாடகமும் சேர்ந்து எடுத்த கணக்கில் 2023 பிப்ரவரியில் 246 பாறு, அதே ஆண்டு டிசம்பரில் 320. அதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊரில் மாடு வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு நம்மில் பலர் பணம் அனுப்புகிறோம். அடுத்த முறை பேசும்போது என்ன ஊசி போடுகிறார்கள் என்று கேளுங்கள், மருந்துப் புட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாட்டுக்கு டைக்ளோஃபினாக் 2006-இலேயே தடை. மனிதருக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் அந்தப் புட்டியையும் 3 மில்லியாகக் குறைத்தார்கள். அதேபோல் பாறுக்குக் கெடுதலான கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டையும் மாட்டுக்குப் போட 2023-இல் தடை வந்தது. இவற்றுக்குப் பதிலாகப் போடும் மெலாக்சிகாம் பாறுக்குக் கெடுதல் செய்யாது, டால்ஃபெனமிக் அமிலமும் அப்படியே.

இன்னொன்று, புலி அடித்த மாட்டில் விஷம் வைப்பது. மாட்டை இழந்தவன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனால் அந்த விஷம் புலியோடு நிற்காது, இறங்கும் பாறு அத்தனையையும் கொல்லும். இதை ஊரில் பெரியவர்கள் சொன்னால்தான் கேட்பார்கள். பெரியப்பா, பொங்கலுக்கு ஊர் போகும்போது நீங்களே சொல்லுங்கள். மருந்துப் பெயர்களைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதித் தருகிறேன், ஒவ்வொரு பட்டியிலும் ஒட்டிவிடலாம்.