புதுப்பிப்பு: பூக்கடைப் படத்தை விடவில்லை

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: டிப்ளோமா இறுதியாண்டுக்கு லிட்டில் இந்தியா பூக்கடை ஒன்றைப் பற்றி 6 நிமிடப் படம், கூடவே அட்டையில் கடையின் மாதிரி. இரண்டுமே சொதப்பல், விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். விடவில்லை.

காட்சியெல்லாம் கறுப்புப் பட்டை ஓடியதற்குக் கேமரா காரணமில்லை. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; கடையின் பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது. நான் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/60 நொடியில் வைத்திருந்தேன்; அது மினுங்கலோடு ஒத்துப்போகவில்லை. 1/50க்கு மாற்றியதும் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு மினுங்கல் அடங்கி, பட்டை போயே போச்சு. இது தெரியாமல் மூன்று இரவு, இந்தத் துறையே எனக்கு ஒத்துவராது என்று அழுதிருக்கிறேன்.

பூக்கட்டும் அக்காவிடம் மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. "வாம்மா, நாளைக்கும் இதே மல்லிதானே கட்டப்போறேன்" என்றார். இந்தமுறை முகத்தை விட்டுவிட்டு விரல்களுக்குப் பக்கத்தில் போனேன். எதிரும் புதிருமாக இரண்டிரண்டு மொட்டு. நூல் ஒரு சுற்று, ஒரு இழுப்பு, முடிச்சு. அவர் குனிந்து பார்ப்பதேயில்லை. அந்த 40 நொடிதான் இப்போது படத்தின் உயிர்.

அட்டை மாதிரி மழையில் ஊறிப்போனது. ஃபோம் போர்டில் புதிதாக வெட்டுகிறேன். கூரை இன்னும் நேராக நிற்கவில்லை. ஒப்படைக்க ஒன்பது நாள் இருக்கிறது.

ஷட்டரைப் பார்க்கச் சொன்ன அண்ணே, பட்டையில்லாமல் முதல் காட்சி ஓடியபோது உங்களைத்தான் நினைத்தேன். ரொம்ப நன்றி.