"புத்தகத்துல அப்படி இல்ல": கட்டை விளையாட்டில் உங்களை உறுத்திய ஒரு சம்பவம் உண்டா?

கருங்குருவி

மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நாலு. அவன் இரண்டு நாள் உட்கார்ந்து லெகோ பிளாஸ்டிக் கட்டைகளில் ஒரு விண்கலம் கட்டி அலமாரியில் ஏற்றினான். உங்களுக்குத் தெரிந்ததுதான்: நானூற்றுச் சொச்சம் பீஸ், எண் போட்ட பைகள், தடித்த மேனுவல். மூன்று வாரம் அதை யாரும் தொடவில்லை, அவனும்தான்.

ஒரு நாள் சின்னவள் நாற்காலி போட்டு ஏறி, இரண்டு இறக்கைகளையும் கழற்றி, ஒன்றாகச் சேர்த்துத் தன் துணிப்பொம்மைக்குக் கட்டில் செய்துவிட்டாள். நல்ல கட்டில். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கூட வைத்திருந்தாள். பெரியவன் பார்த்துவிட்டுக் கத்தினான். "இது தப்பு. புத்தகத்துல அப்படி இல்ல!"

என்னை உறுத்துவது அதுகூட இல்லை. நான் அவன் பக்கம் போய் உட்கார்ந்தேன். பொம்மையைத் தூக்கித் தரையில் வைத்தேன், மேனுவலைத் தேடி எடுத்தேன், இறக்கைகளை அச்சு அசலாக மறுபடி கட்டிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அவள் அழவில்லை. தரையில் கிடந்த பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் காலத்துக் கட்டைகள் பிள்ளைகளை இப்படி ஆக்குகின்றனவா, நாம்தான் ஆக்குகிறோமா? உங்கள் வீட்டில் என்ன நடந்தது, எழுதுங்கள்.

கணக்கு டீச்சர்

என்னுடையது வகுப்பறையில் நடந்தது. மேலே இரண்டு வரிசையாக எட்டுக் குமிழ் உள்ள கட்டை இருக்கிறதே, அதில் ஒரே நிறத்தில் ஆளுக்கு ஆறு கொடுத்தேன். இந்த ஆறையும் எத்தனை விதமாகப் பொருத்தலாம் என்று கேட்டேன். நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று ஆளாளுக்குச் சத்தம். விடை 91,51,03,765. லெகோ நிறுவனமே பல வருடம் 10,29,81,500 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு கட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறடுக்குக் கோபுரமாக வைத்தால் மட்டும் வருகிற கணக்கு அது. சோரன் ஐலர்ஸ் என்ற டேனிஷ் கணிதப் பேராசிரியர் கணினியை வைத்து எண்ணித்தான் முழு விடை வந்தது. செய்தவர்களுக்கே தங்கள் கட்டை இவ்வளவு செய்யும் என்று தெரியாமல் இருந்திருக்கிறது பாருங்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் அந்த எண்ணை எழுதிவிட்டுத் திரும்பினேன். முதல் வரிசையில் ஒரு பையன், எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிறவன், கையைத் தூக்கினான்.

"மிஸ், இதுல எது சரியானது?"

நான் சிரித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அன்றைக்கு அவன் கட்டையைத் தொடவே இல்லை. ஆறையும் ஒரே வரிசையில் நேராக அடுக்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

பழைய மெக்கானிக்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கட்டைதான் காரணம். என் பேரனுக்கும் இதே வியாதி இருந்தது. மேனுவலைப் பிடுங்கித் தூக்கிப் போட்டேன். சரியாகிவிட்டது.

கருங்குருவி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் வீட்டில் உள்ள எல்லாச் செட்டுகளையும் பிரித்து ஒரே வாளியில் கொட்டுங்கள். நிறம் பிரித்து, அளவு பிரித்து டப்பாவில் வைக்கவே கூடாது. தேடும்போதுதான் கைக்குக் கிடைத்ததை வைத்து வேறு யோசனை வரும். பெட்டியில் படம் இருக்கிறதல்லவா, அதையும் கிழித்துப் போடுங்கள். படம் கண்ணில் பட்டால் மனசு அங்கேயே நின்றுவிடும். அலமாரி கூடாது. கட்டியது எதுவாக இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் பிரித்தாக வேண்டும் என்று வீட்டில் சட்டம் போடுங்கள். வாளியில் கட்டை மட்டும் போதாது. தீப்பெட்டி, நூல்கண்டு, நட்டு, போல்ட், உடைந்த கடிகாரம் எல்லாம் சேருங்கள் (கூர்மையானதையும் பேட்டரியையும் மட்டும் எடுத்துவிடுங்கள்). நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். அந்தக் காலத்துக் கட்டைக்கு மேனுவலும் கிடையாது, ஸ்பெஷல் பீஸும் கிடையாது. இப்போது ஒவ்வொரு பீஸும் ஒரே ஒரு இடத்தில்தான் உட்காரும். பிள்ளை எங்கே யோசிப்பான்?

டீச்சர், நீங்கள் எண்ணைச் சொன்னதே தப்பு. எண்ணைச் சொன்னால் பிள்ளை பயப்படும்.

இரவுவாசி

மெக்கானிக் சார், கோபித்துக்கொள்ளக் கூடாது. நாற்பது வயதாகியும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவன் நான், அதனால் சொல்கிறேன். உள்ளே குழாய் வைத்துக் குமிழைப் பூட்டும் இன்றைய கட்டைக்கு லெகோ காப்புரிமை கேட்டது 1958 ஜனவரியில். செட்டோடு கட்டும் வழிமுறை வர ஆரம்பித்தது 1964இல். ஆறே வருடம். மேனுவல் இல்லாத பொற்காலம் அவ்வளவுதான்.

ஸ்பெஷல் பீஸ் பற்றிச் சொன்னது ஒரு காலத்துக்கு நியாயம். 2000களின் தொடக்கத்தில் பீஸ் வகைகள் 12,000ஐத் தாண்டிவிட்டன, நிறுவனமும் மூழ்கப் பார்த்தது. அப்புறம் வகைகளை ஏறக்குறைய பாதியாக வெட்டினார்கள். ஆனால் ஒரு பீஸ் ஒரே இடத்தில்தான் உட்காரும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021இல் வந்த லெகோ போன்சாய் மரச் செட்டைப் பாருங்கள். கிளையில் பூத்திருக்கும் பூவெல்லாம் கிட்டப் போய்ப் பார்த்தால் இளஞ்சிவப்புத் தவளைகள்! தவளையை மரத்தில் ஏற்றியதும் பூவாகிவிட்டது. அது மேனுவலில்தான் இருக்கிறது.

என் சம்பவம் பத்து வயதில். ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு படியில், எல் வடிவப் பீஸ் ஒன்றைச் செருகச் சொல்லியிருந்தது. செருகினேன். மேலே பார்க்க வேண்டிய குமிழ் பக்கவாட்டில் பார்த்தது. அதுவரை எனக்குக் கட்டை என்றால் கீழிருந்து மேலே மட்டும்தான். ரொம்ப நேரம் அந்தக் குமிழையே தடவிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த வீட்டை முடிக்கவே இல்லை. எல்லாவற்றையும் பக்கவாட்டில் கட்ட ஆரம்பித்துவிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "எதையாவது முழுசா முடிக்கிறியா நீ?" என்று திட்டினார். இன்றைக்கும் எதையாவது பாதியில் விட்டால் அந்தக் குரல்தான் கேட்கிறது.

இரட்டையர் அம்மா

என் இரண்டு பேரில் ஒருத்தி மேனுவலைத் திறக்கவே மாட்டாள். இன்னொருத்தி ஒரு பக்கம்கூடத் தாண்ட மாட்டாள். முதலாமவளுக்குத்தான் கற்பனை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம், நானும்தான்.

ஒரு ராத்திரி வேலை முடிந்து பத்தரைக்கு வந்தேன். மேனுவல்காரி தூங்கவில்லை. போர்வைக்குள் டார்ச் வெளிச்சம். அச்சு அசலாக, ஒரு பீஸ் பிசகாமல் கட்டிய தீயணைப்பு வண்டி. அதன் டிரைவர் பொம்மையிடம் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். "உங்க பொண்ணு முழிச்சுட்டுதான் இருக்கா. நீங்க போயிட்டு வாங்க. தீ அணைஞ்சதும் வந்தா போதும்."

கதவருகிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் வரிசை

எங்கள் வீட்டில் மேனுவலும் இல்லை வாளியும் இல்லை, பசை. மகன் கட்டிய கோட்டை அடிக்கடி சரிகிறது என்று அவன் பள்ளிக்குப் போன நேரத்தில் நானே சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். ஆசையாகத்தான் செய்தேன். சாயங்காலம் வந்தவன் கோபுரத்தைக் கழற்றப் பார்த்தான். நகத்தால், அப்புறம் பல்லால். "அப்பா, இது பிரியல" என்று என்னிடமே கொண்டு வந்து கொடுத்தான், நான் சரிசெய்து தருவேன் என்று.

மேனுவல் சண்டைக்கு ஒரு வரி: 2016இல் மோரோ, எங்கெசெத் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மேனுவல் பார்த்துக் கட்டியவர்கள் அதற்கு அடுத்துக் கொடுத்த கற்பனை வேலையில், இஷ்டத்துக்குக் கட்டியவர்களைவிடப் பின்தங்கினார்கள். மெக்கானிக் சார் கைதட்டும் முன் ஒன்று: அதில் கட்டியவர்கள் கல்லூரி மாணவர்கள். கட்டி முடித்த கையோடு வைத்த சோதனை அது. எட்டு வயதுப் பிள்ளைக்கும், வாழ்நாள் முழுதுக்கும் அதை நீட்டக் கூடாது.

இரவுவாசி

மூன்றாம் வரிசை, ஒட்டியதைப் பிரிக்க யாராவது அசிட்டோன் தடவச் சொன்னால் கேட்காதீர்கள். நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். கட்டை ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் பசையோடு கட்டையும் கரையும். வெதுவெதுப்பான நீரில் ரொம்ப நேரம் ஊறவைத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். நிறையத் தடவியிருந்தால் அதுவும் வேலைக்கு ஆகாது. புதுசாகக் கொஞ்சம் கட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது சுலபம்.

பழைய மெக்கானிக்

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். பேரனுக்குச் "சரியாகிவிட்டது" என்று மேலே எழுதியிருக்கிறேன். முழுசாக எழுதவில்லை.

மேனுவலைத் தூக்கிப் போட்டபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை அழவில்லை என்றால் ஏற்றுக்கொண்டான் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, தலையணை உறை மாற்றும்போது உள்ளே ஒரு நோட்டு. நான் தூக்கிப் போட்ட மேனுவலில் இருந்த லாரியை ஞாபகத்திலிருந்தே ஒவ்வொரு படியாக வரைந்திருக்கிறான். மேல் மூலையில் கட்டம் போட்டு எந்தப் பீஸ் எத்தனை என்று எழுதி, அம்புக்குறி போட்டு, பக்க எண்கூடப் போட்டிருக்கிறான். நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் லாரிக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு கிரேன். கீழே, "இந்தப் படி மறந்துபோச்சு, அதனால கிரேன் வச்சிருக்கேன்" என்று எழுதியிருந்தது.

மேனுவல் சரி, தப்பு எல்லாம் இருக்கட்டும். அவன் எதிலும் ஒளிவு மறைவு இல்லாத பிள்ளை. நோட்டைத் தலையணைக்குள் வைத்திருந்தான் என்றால், வீட்டில் யாருக்குப் பயந்து வைத்திருப்பான்? இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். பார்த்தேன் என்று இன்னும் அவனுக்குத் தெரியாது.

கருங்குருவி, வாளி யோசனை வேண்டாம். உங்கள் பையனைக் கேட்டுவிட்டு எதுவானாலும் செய்யுங்கள்.

கருங்குருவி

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் சார், உங்கள் நோட்டுக் கதையைப் பெரியவனுக்குச் சொன்னேன். "அந்த கிரேன் லாரிமேல எப்படி நின்னுச்சு?" என்றுதான் முதலில் கேட்டான். படம் எடுத்துப் போட முடியாது என்று தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று மட்டும் சொல்லுங்கள், விடமாட்டேன் என்கிறான்.

சின்னவளிடமும் நேற்று பேசினேன். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டான், இறக்கையை எடுத்துத் தரேன், பொம்மைக்குக் கட்டில் செய்யலாமா என்று கேட்டேன். அவள் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அவ இப்பல்லாம் தரையிலதான் தூங்குவா" என்றாள்.