மறுமொழி: தலைவர்கள் கையேடு – ‘பேக்காஸ்டிங்’ என்பதற்குக் ‘கடைமடைக் கணக்கு’

அனைவருக்கும் வணக்கம்.

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவர்களுக்கான கையேட்டில் தமிழ்ப் பெயர் இன்னும் முடிவாகாமல் கிடப்பவை இரண்டு சொற்கள். வரப்போவதை யோசித்து நடக்கும் தலைவரைக் குறிக்கும் ‘ஃபார்வர்ட் திங்கிங் லீடர்’ ஒன்று; வேண்டிய முடிவிலிருந்து இன்றைக்குத் திரும்பி வந்து திட்டமிடும் ‘பேக்காஸ்டிங்’ இன்னொன்று. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

> முன்னோக்குத் தலைவர் என்றே வைப்போமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் அக்கா. ஆனால் காலத்தைச் சொல்லும்போது ‘முன்’ பெரும்பாலும் கழிந்துபோனதைத்தான் காட்டும்: முன்னோர், முன்பு, முன்னொரு காலத்தில். வரப்போவதைக் காட்டுவது ‘பின்’. “அதைப் பின்னால பாத்துக்கலாம்” என்று சொன்னால் நாளையோ மறுநாளோ என்று பொருள். இடத்தைச் சொல்லும்போது இரண்டும் திசை மாறிக்கொள்கின்றன. இந்தக் குழப்பம் முதல் பக்கத்திலேயே வேண்டாம். ‘தொலைநோக்கு’ ஏற்கெனவே ‘விஷன்’ என்பதற்குப் போய்விட்டது. நன்னூல் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று பிரிக்கிறது. இலங்கையில் வானிலையை முன்கூட்டிச் சொல்வதை ‘எதிர்வுகூறல்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த வழியிலேயே ‘எதிர்வுநோக்குத் தலைவர்’ என்று வைக்கலாம். 429ஆம் குறள் ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்று சொல்வதும் இவரைத்தான்.

இனி ‘பேக்காஸ்டிங்’. ஆற்றல் துறையில் ஏமரி லவின்ஸ் 1976இல் இப்படி யோசிக்கத் தொடங்கினார்; 1982இல் ஜான் ராபின்சன் இந்தப் பெயரை வைத்தார். இன்றைய போக்கை நீட்டிப் பார்த்து நாளை என்ன ஆகும் என்று சொல்வது எதிர்வுகூறல். பேக்காஸ்டிங் வேறு. பத்து, இருபது ஆண்டு கழித்து எந்த நிலை வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறோம். அங்கே போய் நின்றுகொண்டு, அதற்கு முந்தைய ஆண்டு என்ன நடந்திருக்க வேண்டும், அதற்கும் முந்தைய ஆண்டு என்ன என்று ஒவ்வொரு படியாக இன்றைக்கு வந்து சேர்கிறோம்.

குழுவில் வந்த ‘பின்னோக்கித் திட்டமிடல்’ எனக்குச் சரிப்படவில்லை. மேலே சொன்ன முன்-பின் சிக்கல் இதிலும் உண்டு. போதாததற்குப் ‘பிற்போக்கு’ பக்கத்திலேயே நிற்கிறது. எதிர்காலத்துக்கு இலக்கு வைக்கும் ஒரு தலைவரிடம் போய் ‘பின்னோக்கு’ என்றால், போன ஆண்டுக் கணக்கைத்தான் கேட்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்.

‘கடைமடைக் கணக்கு’ என்று நான் முன்வைப்பதற்குக் காரணம், இந்த யோசனையைப் பாசனத்தில் நடைமுறையாகவே செய்து வருகிறார்கள் என்பதுதான். ஒரு சானலுக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அணையில் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது. கடைசி மடையின் வயலுக்கு எவ்வளவு வேண்டும் என்று எடுத்து, மேலே வரவர ஒவ்வொரு மடையின் தேவையையும் வழியில் கசிந்து போவதையும் கூட்டிக்கொண்டே வந்தால் தலைமதகில் திறக்க வேண்டிய அளவு கிடைக்கும். பொறியாளர்கள் கால்வாயை வடிவமைப்பதும் இதே வரிசையில், வால் முனையிலிருந்து தலைப்புக்கு.

கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறை அணை 1906இலேயே முடிந்துவிட்டது. இருக்கிற கால்வாயை இன்னும் எவ்வளவு நீட்டலாம் என்று தலைப்பிலிருந்து யோசித்தால், யோசனை பறளியாற்றுப் பள்ளத்தில் வந்து நின்றுவிடும். விளவங்கோடு, கல்குளம் வயல்களுக்குத் தண்ணீர் போயே ஆக வேண்டும் என்று அந்த முனையில் தொடங்கினால்தான், இரண்டு குன்றுகளுக்கு நடுவே 115 அடி உயரத்தில் தொட்டி கட்டித் தண்ணீரைக் கொண்டுபோகலாம் என்று தோன்றும். காமராஜர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் எழுந்த அந்தப் பாலத்தைப் பார்த்து வளர்ந்த தலைவர்களுக்குத்தான் இந்தக் கையேட்டை எழுதுகிறோம்.

> பாசனக்காரனுக்குப் புரியும். ரப்பர் வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு?

குலசேகரம் அண்ணனின் இந்தக் கேள்வி நியாயமானது, போட்டுப் பார்த்தேன். பத்தாம் ஆண்டில் மகளின் கல்லூரிச் செலவுக்குப் பால்வெட்டு வருமானம் வேண்டும். கன்று நட்டால் பால்வெட்டுக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். அப்படியானால் மூன்றாம் ஆண்டு மழைக்கு ஒட்டுக்கன்று மண்ணில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே பழைய மரம் வெட்டி, குழி எடுத்து, நாற்றங்காலில் சொல்லி வைத்திருக்க வேண்டும். பால் இல்லாத ஆண்டுகளுக்கு இடையில் அன்னாசியோ வாழையோ வைக்க வேண்டும். இப்படி இறங்கி வந்தால் இந்த மாதம் செய்ய வேண்டிய வேலை தானாகத் தெரிந்துவிடுகிறது. ‘கடைமடைக் கணக்கு’ என்ற பெயர் இங்கேயும் இடறவில்லை.

கடைமடை என்றாலே தண்ணீர் வராத இடம், குறை சொல்லும் இடம், அதை ஏன் கலைச்சொல்லில் ஏற்ற வேண்டும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை நான் விரும்புவதே அதனால்தான். தலைப்பில் இருப்பவர் தனக்குப் போக மிச்சத்தை இலக்காக எழுதி வைக்கும் கையேடுகளைப் பார்த்துவிட்டோம். கடைசி வயல்காரருக்குக் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) தப்பாமல் விளைய வேண்டும் என்பதிலிருந்து தொடங்கும் தலைவர் வேறுவிதமாகத்தான் திட்டம் போடுவார். சொல்லே அவருக்கு அதை நினைவூட்டட்டும். வட்டார வழக்கு என்ற தயக்கமும் வேண்டாம். காவிரி திறக்கும்போதெல்லாம் தமிழ்நாடு முழுக்கச் செய்தித்தாள்களில் வரும் சொல் இது.

வினையாக்குவதும் எளிது: ‘கடைமடைக் கணக்குப் போடு’. ‘கோல்’ என்பதற்கு ‘இலக்கு’ என்றே இருக்கட்டும். ஆனால் ‘முடிந்தவரை தூர்வாருவோம்’ போன்ற வரிகளை மாதிரியாகக் கொடுக்க வேண்டாம். முடிந்ததைச் செய் என்பதைவிடத் தெளிவான, சற்றுக் கடினமான இலக்கே நல்ல பலன் தருகிறது என்று உளவியலாளர் எட்வின் லாக் 1968இலேயே காட்டிவிட்டார். ‘ஜூனில் அணை திறப்பதற்குள் எங்கள் கிளைச் சானல் கடைசி மடை வரை தூர்வாரப்பட்டிருக்கும்’ என்று எழுதலாம்.

பதிவுக்கான வரைவு:

கடைமடைக் கணக்கு – அடைய வேண்டிய எதிர்கால நிலையை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து படிப்படியாக இன்றைய செயல் வரை திட்டத்தை வகுக்கும் முறை.

தோவாளைப் பக்கத்து நண்பர்கள் இதை அச்சுக்குப் போகும் முன் ஒரு சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட முடியுமா? ‘வகுக்கும்’ என்பதைவிடப் ‘போடும்’ நன்றாக இருக்குமா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.