லாரி கேபின் ஏசி வென்ட்ல கெமிக்கல் வாசனை, அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

வடக்கு லைன்: வணக்கம் அண்ணன்மாரே. ஏசி போட்டா வென்ட் வழியா ஒரு மாதிரி மருந்து வாசனை அடிக்குது. தலை கனக்குது. கிளீனர் பையன் வாந்தி வர்ற மாதிரி இருக்குங்கறான். நாளைக்கு லோடு. என்னவா இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க.

கொங்கு ஸ்டேரிங்: என்ன வண்டி தம்பி? புகைக் கட்டுப்பாடு பி.எஸ்.4ஆ, 6ஆ? எப்ப வாங்குனது?

ஏசி பட்டறை: கேஸ் லீக்தான், சந்தேகமே வேண்டாம். கூலிங் காயில் ஓட்டையாகி இருக்கும். டேஷ்போர்டைக் கழட்டணும்.

பழைய ஸ்பேனர்: "ஒரு மாதிரி மருந்து வாசனை"ன்னா எப்படிப்பா கண்டுபிடிக்கறது? டாக்டர்கிட்ட போய் "ஒரு மாதிரி வலிக்குது"ன்னா சொல்லுவ? இனிப்பா அடிக்குதா, மூத்திர நெடியா, கருகின வாசனையா, ஊறின சாக்ஸ் மாதிரியா? நாலுக்கும் நாலு காரணம். இதையெல்லாம் இங்க எத்தனையோ தடவை எழுதியாச்சு. தேடிப் பாக்கறவங்கதான் இல்ல.

டீசல் மாப்ள: பி.எஸ்.6 வண்டின்னா புகையைச் சுத்தம் பண்ண ஊத்தற யூரியா தண்ணிதான். எனக்கு இப்படித்தான் வந்துச்சு. லைன்ல கசிவு இருந்து சூடான சைலன்சர் மேல பட்டா அமோனியா நெடி கிளம்பும், கண்ணும் எரியும். டேங்க், பைப் ஜாயின்ட்ல உப்புப் பூத்த மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க.

ஏசி பட்டறை: வாசனை ஏசி போட்டாத்தான் வருதுன்னு அவரே சொல்றாரு. யூரியாவுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்?

டீசல் மாப்ள: வெளிக்காத்து எடுக்கற மோடுல இருந்தா ப்ளோயர் எல்லாத்தையும்தான் உள்ள இழுக்கும். அது தெரியாதா பட்டறை வச்சிருக்கவங்களுக்கு?

தொப்பூர் இறக்கம்: ஏறும்போதா இறங்கும்போதா? நம்ம தொப்பூர் கணவாய்ல இறங்கினா பிரேக் லைனர் கருகற வாசனை கேபினுக்குள்ள வரும். ஏறும்போதுன்னா கிளட்ச்.

வடக்கு லைன்: 14 டயர், பி.எஸ்.6. சிமெண்ட் லோடு. இறக்கமெல்லாம் இல்லண்ணே, நேர் ரோட்லயே வருது.

கொங்கு ஸ்டேரிங்: வெளிக்காத்தை அடைச்சு உள்காத்தையே சுத்தவிடற சுத்து மோடு போட்டாலும் வருதா? கூலிங் குறைஞ்சிருக்கா? ப்ளோயர் மட்டும் போட்டா வருதா? இந்த மூணையும் சொல்லுங்க தம்பி, மத்தது அப்புறம்.

முதலாளி கணக்கு: இதுக்குத்தான் ஏசியே வேண்டாம்னு சொல்றது. டீசலைக் குடிக்குது, டிரைவருக்குத் தூக்கம் வருது. ஜன்னலைத் திறந்து ஓட்டுனா எந்த வாசனையும் தங்காது.

தொப்பூர் இறக்கம்: மே மாசம் நாக்பூர் தாண்டி மத்தியானம் ஒரு தடவை வந்து உக்காருங்க முதலாளி. கீழ இஞ்சின் சூடு, மேல வெயில். அப்புறம் தூக்கத்தைப் பத்திப் பேசலாம்.

முதலாளி கணக்கு: எங்க அப்பா காலத்துல எந்த லாரில ஏசி இருந்துச்சு?

பழைய ஸ்பேனர்: உங்க அப்பா காலத்துல பவர் ஸ்டேரிங்கும் இல்ல. 2025 அக்டோபர் 1லேர்ந்து தயாராகற 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம்னு சட்டமே வந்தாச்சு. பழைய வண்டிக்கு இல்ல, அதனால பயப்படாதீங்க.

முதலாளி கணக்கு: சட்டம் போட்டவங்களா டீசல் அடிக்கப் போறாங்க? வாடகை ஏறுச்சா?

கொங்கு ஸ்டேரிங்: அந்தச் சண்டையைத் தனியா வச்சுக்கங்க. தம்பி, இருக்கீங்களா?

வடக்கு லைன்: இருக்கேண்ணே, சாப்பிடப் போயிருந்தேன். சுத்து மோடுலயும் வருது. ப்ளோயர் மட்டும் போட்டாலும் வருது. கூலிங் நல்லாத்தான் இருக்கு. வாசனை லேசா இனிப்பு மாதிரி. விடியக்காலைல கண்ணாடி உள்பக்கம் மூடிக்குது. கிளீனர் சைடு மேட் ஈரமா இருக்கு, அது ஏசி தண்ணிதானே? ரிசர்வ் டேங்க்ல இஞ்சினைக் குளுத்தற கூலன்ட் அடிக்கடி குறையுது, ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.

பழைய ஸ்பேனர்: இதை மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேர் கத்தியிருக்க மாட்டாங்க. வெளியில ஒழுகாம கூலன்ட் குறையுதுன்னா அது எங்கயோ போகுதுன்னு தோணாதா?

கொங்கு ஸ்டேரிங்: தம்பி, அது ஹீட்டர் காயில். டேஷ்போர்டுக்குள்ள சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும், இஞ்சின் சூட்டுத் தண்ணி அதுக்குள்ளயும் ஓடும். அது கசிஞ்சா கூலன்ட் ஆவியாகி வென்ட் வழியா வரும், இனிப்பு வாசனை அதோடதுதான். இப்பவே ஒரு சோதனை பண்ணுங்க. மேட் ஈரத்தை ரெண்டு விரல்ல தொட்டுத் தேய்ங்க. ஏசி தண்ணின்னா காஞ்சிடும், கூலன்ட்னா வழவழன்னு ஒட்டும், கலரும் தெரியும். கண்ணாடி உள்பக்கத்தை வெள்ளைத் துணியால துடைச்சா எண்ணெய்ப் பிசுக்கு வரும். அப்புறம் ப்ளோயரை ஹீட்ல வச்சுப் பாருங்க, வாசனை தூக்கலா வந்தா அதேதான். சூட்டோட ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துடாதீங்க.

ஏசி பட்டறை: நானும் காயில்னுதான் சொன்னேன்.

டீசல் மாப்ள: நீங்க சொன்னது கூலிங் காயில்.

பெண் பார்வை: எங்க வீட்டுக்காரர் வண்டியிலயும் இதே வந்துச்சு. அந்தக் கூலன்ட் விஷம். இனிப்பா இருக்கறதால நாய் நக்கிடும், மேட்டைக் கழுவுன தண்ணியைத் தெருவுல கொட்டாதீங்க. சரி பண்ற வரைக்கும் ஜன்னலைத் திறந்து வச்சே ஓட்டச் சொல்லுங்க. அப்பவும் தலைவலி போகலைன்னா சைலன்சர் கசிவையும் பாக்கணும். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

தொப்பூர் இறக்கம்: கேபினைத் தூக்கிட்டு ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் கிளாம்பையும் மொதல்ல பாருங்க. சில சமயம் ஜாயின்ட்ல கசிஞ்சு உள்ள இறங்கும். டேஷ்போர்டு கழட்டற கூலி மிச்சம்.

வடக்கு லைன்: விரல்ல வழவழன்னு ஒட்டுது, பச்சைக் கலர். பட்டறைக்குப் போறேன்.

முதலாளி கணக்கு: ஏசி இல்லாத வண்டில இந்தச் செலவே வராது.

பழைய ஸ்பேனர்: அது ஹீட்டர் காயில்யா. ஏசி இல்லாத வண்டிலயும் ஹீட்டர் இருக்கலாம்.

வடக்கு லைன்: காயில்தான் போயிருக்கு. புதுசு கைவசம் இல்லன்னுட்டாங்க. ரெண்டு ஹோஸையும் ஒண்ணா சேர்த்து ஜாயின்ட் போட்டு, கூலன்ட் நிரப்பி ஏர் எடுத்தாச்சு. வாசனை குறைஞ்சிருக்கு. லோடு ஏத்தறாங்க, நன்றிண்ணே.

கொங்கு ஸ்டேரிங்: நல்லது தம்பி. நம்ம ஊருக்கு இது போதும். டிசம்பர், ஜனவரில டெல்லி லைன் போறதா இருந்தா அதுக்குள்ள காயில் மாத்திடுங்க, மூடுபனில ஹீட்டர் இல்லாம கண்ணாடி தெளியாது.

பழைய ஸ்பேனர்: மேட்டுக்கு அடியில இருக்கற பஞ்சையும் எடுத்துக் கழுவிக் காயப் போடு. இல்லன்னா இன்னும் ரெண்டு வாரத்துக்கு வாசனை போகலைன்னு இங்கயே வந்து நிப்ப.