கரமாசவ் குடும்பத்தில் ஆகக் கொடியவர் யார்?

தகடூர் வாசகி, தருமபுரி:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலை ஆறு மாதங்களில் படித்து முடித்தோம். கடைசி அமர்வில், இதில் ஆகக் கொடியவர் யார் என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். வெளியூரிலிருந்து வரும் நண்பர் தம் பேருந்தைத் தவறவிடும் அளவுக்கு அந்தப் பேச்சு நீண்டுவிட்டது. தந்தை பியோதருக்கு மூன்று ஓட்டு, ஸ்மெர்த்யாகவுக்கு மூன்று, இரண்டாம் மகன் இவானுக்கு ஒன்று. நான் ஓட்டுப் போடவில்லை.

பியோதரைக் கொன்றவன் ஸ்மெர்த்யாகவ் என்பதால் என் மனம் அவன் பக்கமே சாய்கிறது. ஆனால் ஊரில் திரிந்த வாய் பேச இயலாத லிஸவேத்தாவுக்கு, அந்த வீட்டுக் குளியல் கொட்டகையில் பிறந்து, பெற்ற தந்தையின் வீட்டிலேயே சமையற்காரனாக நிற்கும் ஒருவனைக் குற்றம் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தயங்குகிறது. அவனை வளர்த்த வீட்டு வேலைக்காரர் கிரிகோரியே அவனை நோக்கி, 'நீ மனிதப் பிறவியே இல்லை, குளியல் கொட்டகையின் ஈரத்தில் முளைத்தவன்' என்ற பொருளில் பேசியிருக்கிறார். செயலை வைத்து அளப்பதா, செய்தவனுக்கு வாய்த்த வாழ்க்கையை வைத்து அளப்பதா? நாவலிலிருந்தே சான்று காட்டி விடை சொன்னால் நல்லது. முடிவு தெரிந்துவிடும் என்ற தயக்கம் வேண்டாம்; படித்தவர்கள் மட்டும் இந்த இழையில் இருந்தால் போதும்.

ஓசூரான்:

என் ஓட்டு பியோதருக்கே. மனைவி கொண்டுவந்த இருபத்தையாயிரம் ரூபிளை வாங்கி விழுங்கியதையும், வீட்டுக்குள் நடத்திய கூத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; அப்படிப்பட்ட பண்ணைக்காரர்களை நம் ஊர்ப் பக்கமும் பார்த்திருக்கிறோம். என்னை உலுக்கியது அவருடைய மறதி. முதல் மனைவி விட்டுச் சென்றபோது மூத்த மகன் மீத்யாவுக்கு மூன்று வயது. கிரிகோரி தன் குடிசைக்குத் தூக்கிச் செல்லாமல் இருந்திருந்தால், அந்தக் குழந்தைக்குச் சட்டை மாற்றிவிடக்கூட ஆள் இருந்திராது. பின்னர் உறவினர் ஒருவர் பையனை வளர்க்கக் கேட்டு வந்தபோது, எந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார் என்றே புரியாதவர்போல் பியோதர் சிறிது நேரம் விழித்தாராம். அவர் வேண்டுமென்றே நடித்திருக்கலாம் என்று கதைசொல்லி ஒரு வரி சேர்க்கிறார். நடிப்பு என்றால் அது இன்னும் கேவலம்.

இரண்டாம் மனைவி வழிபட்ட மாதாவின் திருவுருவப் படத்தின்மேல் தான் துப்பிய கதையை, அவள் பெற்ற இளைய மகன் அல்யோஷாவின் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்லும் இடம் நினைவிருக்கிறதா? தாய்க்கு வந்த அதே நடுக்கம் மகனுக்கும் வருகிறது. பயந்துபோன கிழவர், 'இவனுடைய தாயைப்போலவே' என்று இவானிடம் புலம்புகிறார். 'அவள் எனக்கும் தாய்தானே' என்று இவான் கேட்கும் வரை, அந்தப் பெண் இவானையும் பெற்றவள் என்பது அவர் நினைவிலேயே இல்லை. நான்கு பிள்ளைகளையும் எங்கே விட்டோம் என்று தெரியாமல் விட்ட மனிதருக்கு, அவர்களில் ஒருவன் கையால் முடிவு வந்தது. ஸ்மெர்த்யாகவைத் தனியே பிரித்துக் குற்றம் சொல்வது, விதைத்தவனை விட்டுவிட்டு முளைத்த களையிடம் நியாயம் கேட்பதுபோல் இருக்கிறது.

அரூர் ஆசிரியர்:

ஓசூர் நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பியோதர் அருவருப்பான மனிதர், ஆனால் எதையும் ஒளிக்கத் தெரியாதவர். தன் இழிவைத் தானே மேடையேற்றிக் காட்டிக்கொண்டிருப்பவரிடம் ஏமாறுவதற்கு ஒன்றுமில்லை. ஸ்மெர்த்யாகவ் அப்படி இல்லை. ஒருமுறை பியோதர் குடிபோதையில் முற்றத்தில் தவறவிட்ட மூன்று நூறு ரூபிள் தாள்களைப் பொறுக்கி மேசைமேல் வைத்தவன் அவன். அதனால்தான் வீட்டில் எல்லோரும் அவனை நேர்மையானவன் என்று நம்பினார்கள்.

கொலையைவிடவும் என்னை உறங்கவிடாமல் செய்தது அந்த ரொட்டி. ஒன்பது வயது இல்யூஷாவுக்கு அவன் ஒரு விளையாட்டுக் கற்றுக்கொடுக்கிறான்: மென்மையான ரொட்டித் துண்டில் குண்டூசியைச் செருகி, பசியில் மெல்லாமலே விழுங்கும் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பையனும் ஷூச்கா என்ற நாய்க்குப் போடுகிறான். அது வீறிட்டுக்கொண்டு சுழன்று சுழன்று ஓடி மறைகிறது. பள்ளித்தோழன் கோல்யாவிடம் அதைச் சொல்லும்போது, 'ஓடுகிறது, கத்துகிறது, ஓடுகிறது, கத்துகிறது' என்பதற்குமேல் அந்தக் குழந்தைக்குச் சொல் வரவில்லை. பிறகு நோயில் விழுந்து, ஷூச்காவைக் கொன்றதற்காகக் கடவுள் தன்னைத் தண்டிக்கிறார் என்று தகப்பனிடம் சொல்கிறான். (நாய் சாகவில்லை, அதைக் கண்டுபிடித்த கோல்யா, வித்தை பழக்கிய பிறகு கொண்டுபோய்க் காட்டலாம் என்று ஒளித்து வைத்திருந்தான். அந்தப் பெருமைக்காரப் பையனையும் ஒருநாள் இங்கே விசாரிக்க வேண்டும்.) முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவன் என்பதால் இந்த ஒரு பக்கத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை.

இப்போது இதையும் கொலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 'நீங்கள்தான் முதன்மைக் கொலைகாரர், நான் வெறும் கருவி. எல்லாம் செய்யலாம் என்று கற்றுத்தந்தவர் நீங்களே' என்று இவானிடம் வாதாடுகிறவன், அந்தச் சிறுவனிடம் அதே வேலையைத்தான் செய்திருக்கிறான். அங்கே கற்றுக்கொடுத்தவன் இவன், கருவி இல்யூஷா. கருவியான குழந்தை குற்றவுணர்வில் உருகுகிறது; கற்றுக்கொடுத்தவன் மறுநாளும் சூப்பு வைத்துக்கொண்டிருந்திருப்பான். தன் வாதப்படியே அளந்தாலும் அவன் தப்ப முடியாது. தூக்கில் தொங்குவதற்கு முன் எழுதிய சீட்டிலும், தன் விருப்பப்படியே உயிரை மாய்த்துக்கொள்வதாகவும் யாரையும் குறைகூற வேண்டாம் என்றும்தான் இருந்தது. கொன்றவன் நானே என்று இன்னொரு வரி சேர்த்திருந்தால், கொலைப்பழி சுமந்து நின்ற மீத்யா தப்பியிருப்பான். பிறப்பையும் வளர்ப்பையும் காட்டி அந்த வரியின் இன்மையை எப்படி விளக்குவது?

காவேரிப்பட்டணத்தான்:

அல்யோஷாவின் நண்பனாகப் பழகும் ரகீத்தினை யாரும் சொல்லவில்லையே! தன் குருவின் இறப்பால் உடைந்துபோன அல்யோஷாவை, பியோதரும் மீத்யாவும் போட்டி போட்டு விரும்பும் குரூஷென்காவிடம் கூட்டிச் சென்று சேர்த்ததற்கு அவன் வாங்கிய கூலி இருபத்தைந்து ரூபிள். கொலை செய்யும் துணிச்சல்கூட இல்லாமல், நண்பனின் வீழ்ச்சியைப் பார்த்து மகிழ ஆசைப்பட்ட அற்பன். ஓட்டு விழாது என்று தெரிந்தே போடுகிறேன்.

பாரூரான், போச்சம்பள்ளி வட்டம்:

ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். குண்டூசிக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனாலும் இவானுக்கு விழுந்த அந்த ஒற்றை ஓட்டை இங்கே தனியாக விட மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தின் கடைசி நாளில், மண்ணால் துரியோதனன் உருவத்தை மல்லாந்த நிலையில் செய்து கிடத்துவார்கள். பீமன் வேடக்காரர் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். கூட்டம் கலைந்தபின் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ச் சிலர் குதிரில் போடுவார்கள். சிறுவனாக இருந்தபோது, திருதராட்டிரனுக்கு ஏன் மண்ணுருவம் இல்லை என்று என் தாத்தாவிடம் கேட்டேன். 'அவன் என்னடா செய்தான், உட்கார்ந்துதானே இருந்தான்' என்றார். சூதாட்டத்தில் காய் உருள உருள, 'வென்றாயிற்றா, வென்றாயிற்றா' என்று மகிழ்ச்சியை மறைக்க மாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன் என்பதை, பெரியவனாகி வியாசரைப் படித்த பிறகுதான் அறிந்தேன்.

இவான் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முந்திய இரவில், மாடிப்படியில் வந்து நின்று, கீழே தந்தை நடமாடும் ஓசையை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். ஏன் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் தன் வாழ்நாளிலேயே இழிந்த செயல் அதுதான் என்று பின்னாளில் நினைக்கிறான். அவன் யாரையும் தொடவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயிற்கதவருகே ஸ்மெர்த்யாகவ் தனக்கு வலிப்பு வரப்போவதையும், தந்தை கதவைத் திறப்பதற்கான இரகசியத் தட்டல் குறிப்பு மீத்யாவுக்குத் தெரிந்திருப்பதையும் சொன்னபின், அவன் கேட்டுக்கொண்டு வண்டியேறினான், அவ்வளவுதான்.

இரண்டாவது சான்றும் உண்டு. ஸ்மெர்த்யாகவுடனான மூன்றாவது சந்திப்பில் உண்மை முழுவதும் வெளிவந்து, அவன் திருடிய மூவாயிரம் ரூபிளும் கையில் கிடைத்தபிறகு, இவான் வீட்டு வாசலில் நின்று இப்போதே அரசு வழக்கறிஞரிடம் போகலாமா என்று யோசிக்கிறான். எல்லாவற்றையும் நாளைக்குச் சேர்த்தே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்த நொடியில் அவன் மகிழ்ச்சி முழுவதும் வடிந்துபோகிறது. அன்றிரவே ஸ்மெர்த்யாகவ் தூக்கில் தொங்குகிறான். ஒரே சாட்சி போயிற்று. அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லாததும், இந்த வாசலில் ஓர் அடி எடுத்து வைக்காததும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. அறிவு அதிகம் உள்ளவன் என்பதால் இவானின் கணக்கில் கொஞ்சம் கூட்டியே எழுதுவேன்.

தகடூர் வாசகி, தருமபுரி:

அனைவருக்கும் நன்றி. ஓசூர் அண்ணா, பியோதரின் மறதி பற்றி நீங்கள் எழுதியது முழுவதும் உண்மை. ஆனாலும் குரூஷென்கா வந்துவிட்டாள் என்று நம்பி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இருட்டில் தேடும் அந்தக் கிழவரை நினைத்தால் எனக்குக் கோபம் வர மறுக்கிறது. அது என் பலவீனமாக இருக்கலாம்.

பாரூர் அண்ணாவிடம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு நாள் தாமதமாகத்தான் என்றாலும் இவான் நீதிமன்றத்துக்கு வந்தான். யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தும், மூளைக்காய்ச்சலோடு, பணத்தை எடுத்து நீட்டிப் பேசினான். திருதராட்டிரன் சபையில் எழுந்து அப்படிப் பேசவில்லையே. ஸ்மெர்த்யாகவ் காலுறைக்குள்ளிருந்து அந்தப் பணத்தை இவானிடம் எடுத்துக் கொடுத்ததையும் நான் மறக்கவில்லை; அதை ஏன் கொடுத்தான் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என்றாலும், ஆசிரியர் ஐயா சொன்ன குண்டூசிக்குப் பிறகு என் ஓட்டை அவனுக்கே போடுகிறேன். கொன்றதற்காகப் போடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

எங்கள் குழுவில் இவானுக்கு ஓட்டுப் போட்ட கல்லூரி மாணவிக்கு இந்த இழையைக் காட்டினேன். தன் ஓட்டை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு அந்த மூன்று சந்திப்புகளையும் உரக்கப் படிக்கிறோம். பாரூர் அண்ணா வர முடிந்தால் இவானின் பகுதியை நீங்களே படியுங்கள். ஸ்மெர்த்யாகவுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.